ஃபாஸ்ட்எஃப்1: புதுப் பையனையும் சீனியரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக வந்திருக்கும் ஒரு ஃபார்முலா 1 டிரைவருக்கு உண்மையிலேயே கைவசம் சரக்கு இருக்கிறதா, இல்லை கார் நல்லதாக அமைந்ததால் ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற எவருக்கும் ஃபாஸ்ட்எஃப்1 வேண்டும். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, பெயர் கொடுத்துப் பதிவு செய்யவும் தேவையில்லை. பைத்தானில் எழுதப்பட்ட ஓப்பன் சோர்ஸ் தொகுப்பு. லேப் நேரம் (தடத்தை ஒருமுறை சுற்ற ஆன நேரம்), டயர் வகை, காரின் வேகம், த்ராட்டில் (ஆக்சிலரேட்டர் மிதி), பிரேக், கியர் எல்லாவற்றையும் அட்டவணையாக நம் கையில் கொடுத்துவிடும். ஃபார்முலா 1 நிறுவனத்துக்கும் இதற்கும் அதிகாரபூர்வமான தொடர்பு எதுவும் கிடையாது, ரசிகர்களே எழுதி ரசிகர்களே பராமரிக்கிறார்கள். வேறு எந்த வேலைக்கு இது எப்படி என்று நான் இங்கே பேசப்போவதில்லை. ஒரே காரில் ஓடுகிற இரண்டு பேரை, அதிலும் ஒருவர் பழம் தின்று கொட்டை போட்டவர், இன்னொருவர் நேற்று வந்தவர் என்கிற ஜோடியை எடைபோட இது எவ்வளவு உதவும், எங்கே கைவிடும் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

நான் மன்னார்குடியில் ஒரு அரிசி ஆலையில் கணக்கு பார்க்கிறேன். கோடு எழுதுவது என் தொழில் இல்லை, எக்செல் தெரியும், அவ்வளவுதான். அதனால் இதைப் படிக்கிற, நிரல் எழுதிப் பழக்கமில்லாத ஆள் பயப்பட வேண்டாம். பிரவுசரிலேயே பைத்தான் ஓட்டும் கூகுள் கோலாபில் ஒரு நோட்புக் திறந்து, ஒரே வரியில் நிறுவிக்கொண்டு, எந்த ஆண்டு, எந்த ரேஸ், எந்தச் செஷன் (பயிற்சியா, தொடக்க இடத்தை முடிவு செய்யும் குவாலிஃபையிங்கா, ரேஸா) என்று மூன்று விஷயத்தைச் சொன்னால் போதும், தரவு வந்து இறங்கிவிடும். ஆவணப் பக்கத்தில் எடுத்துக்காட்டுகள் வரிசையாக இருக்கின்றன. அதில் இரண்டு டிரைவர்களின் லேப்பை ஒன்றன்மேல் ஒன்றாக வரைவது எப்படி என்பதும் ஒன்று. அதை அப்படியே எடுத்து, பெயருக்கான மூன்றெழுத்துக் குறியீட்டை மட்டும் மாற்றினால் நமக்கு வேண்டியது கிடைத்துவிடும். ஆவணம் முழுக்க ஆங்கிலம்தான், ஆனால் எளிய ஆங்கிலம். என் மச்சினர் மகன் இன்ஜினியரிங் படிக்கிறான், அவன் உட்கார்ந்து ஒரு மாலையில் சொல்லிக் கொடுத்ததே எனக்கு இன்றுவரை போதுமானதாக இருக்கிறது.

அவனோடு வந்த வாக்குவாதம்தான் இதைத் தீவிரமாகப் பிடித்துக்கொள்ளக் காரணம். 2025 சீசன் முடிந்த சமயம், ஹரித்ராநதிக் கரையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். மெர்சிடிஸ் அணியில் ஜார்ஜ் ரஸ்ஸல் 319 புள்ளி, பதினெட்டு வயதில் அறிமுகமான கிமி அன்டோனெல்லி 150 புள்ளி.

“பாதிகூட இல்ல மாமா. இவன் தேற மாட்டான்.”

“ஐரோப்பா ரேஸையெல்லாம் தனியா எடுத்து வச்சுட்டுப் பாருடா.”

“அது எப்படி மாமா தனியா எடுக்கறது? அதுவும் ரேஸ்தானே?”

அவன் கேட்டது நியாயமான கேள்வி. இமோலாவில் தொடங்கி மோன்ஸா வரை ஐரோப்பாவில் நடந்த ஒன்பது ரேஸ்களில் அன்டோனெல்லி எடுத்தது மொத்தம் 3 புள்ளி. ஹங்கேரியில் பத்தாவது, மோன்ஸாவில் ஒன்பதாவது, மற்றதெல்லாம் பூஜ்யம். இடையில் கனடாவுக்குப் போனபோது மட்டும் மூன்றாவதாக வந்து மேடை ஏறினார். ரஸ்ஸல் அதே ரேஸை ஜெயித்தார். பிறகு பையன் மறுபடி ஐரோப்பாவில் காணாமல் போனார். புள்ளிப் பட்டியல் இதை ஒரு எண்ணாகச் சுருக்கி 150 என்று காட்டிவிட்டுப் போய்விடும். ஏன் என்று சொல்லாது.

ஏன் என்பதற்குப் பெரிய காரணம் காரில் இருந்தது. இமோலாவில் மெர்சிடிஸ் பின்பக்க சஸ்பென்ஷனில் புது அமைப்பைக் கொண்டுவந்தது. நடுவில் கழற்றினார்கள், மறுபடி மாட்டினார்கள், கடைசியில் ஹங்கேரியில் பழையதற்கே திரும்பிவிட்டார்கள். காரின் பின்பக்கம் எப்போது நழுவும் என்று டிரைவருக்குப் புரியாத நிலை. அந்தக் கட்டத்தில் ரஸ்ஸலும் சும்மா பறக்கவில்லை, மொனாக்கோவில் 11, சில்வர்ஸ்டோனில் 10 என்றுதான் முடித்தார். ஆனால் மற்ற இடங்களில் நான்கு, ஐந்து, ஏழு என்று ஏதாவது பொறுக்கிக்கொண்டே வந்தார். கார் பிடிக்காத நாளிலும் ஐந்தாவதாக முடிக்கத் தெரிவது, அதுதான் அனுபவம் என்பது. வேகம் வேறு, அனுபவம் வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றால் ரேஸ் முடிவுகளைத் தாண்டி உள்ளே போக வேண்டும், அங்கேதான் இந்தக் கருவி வேலைக்கு வருகிறது.

இதே ரஸ்ஸலின் முதல் வருடத்தை எடுத்துப் பாருங்கள். 2019, வில்லியம்ஸ் அணி, பக்கத்தில் ராபர்ட் குபிட்சா. ஏற்கெனவே ரேஸ் ஜெயித்த ஆள், ராலி விபத்தில் கை பாதிக்கப்பட்டு எட்டு வருடத்துக்குப் பிறகு திரும்பி வந்தவர். அந்த சீசனின் 21 குவாலிஃபையிங்கிலும் ரஸ்ஸல்தான் முன்னால், 21-0. ஆனால் புள்ளிப் பட்டியலில் குபிட்சாவுக்கு 1, ரஸ்ஸலுக்கு 0. ஜெர்மனியில் மழையில் நடந்த ரேஸில் ஆல்ஃபா ரோமியோ கார்கள் இரண்டுக்கும் தண்டனை விழுந்ததால் குபிட்சா பத்தாவதாக உயர்ந்தார், ரஸ்ஸலுக்குப் பதினொன்றாவது இடம். அன்றைக்குப் புள்ளியை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னவன் என்ன சொல்லியிருப்பான்? அந்த ரஸ்ஸல்தான் பிற்பாடு மெர்சிடிஸில் ஏழு முறை உலகச் சாம்பியனான ஹாமில்டனோடு மூன்று சீசன் ஓடி, அதில் 2022, 2024 இரண்டிலும் அவரைவிட அதிகப் புள்ளி எடுத்தார். இன்று அன்டோனெல்லிக்கு அளவுகோல் அவர்.

லாண்டோ நாரிஸ் கதையும் அப்படித்தான். 2019இல் மெக்லாரனில் கார்லோஸ் சைன்ஸுக்கு 96, நாரிஸுக்கு 49. அடுத்த வருடம் 105க்கு 97. 2025இல் நாரிஸ் உலகச் சாம்பியன். அதே நாரிஸ் சீனியராக நின்றபோது பக்கத்தில் வந்த ஆஸ்கர் பியாஸ்ட்ரி 2023இல் 205க்கு 97, 2024இல் 374க்கு 292, 2025இல் 423க்கு 410. முதல் வருடத்து இடைவெளியை வைத்துக்கொண்டு ஒருவனை முத்திரை குத்துவது எவ்வளவு அநியாயம் என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்.

எங்கள் பக்கம் புதுக் காளையை வண்டிக்குப் பழக்கும்போது தனியாகப் பூட்ட மாட்டார்கள், பழகின மாட்டோடு சேர்த்துப் பூட்டுவார்கள். வண்டி போய்ச் சேர்ந்ததா என்பதை வைத்துப் புதுக் காளையை யாரும் மதிப்பதில்லை, எந்த இடத்தில் நுகத்தடி அதன் பக்கம் பின்வாங்குகிறது, மேட்டிலா, திருப்பத்திலா, களைத்த பிறகா என்று பார்ப்பார்கள். ஃபாஸ்ட்எஃப்1 காட்டுவது அந்த இடத்தைத்தான்.

சரி, கருவிக்கு வருவோம். ஒரு குவாலிஃபையிங் லேப்பை எப்படிப் பார்ப்பது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதன் உண்மையான மதிப்பு அங்கேதான்.

இரண்டு டிரைவர்களின் சிறந்த லேப்பை எடுத்து, படுக்கை அச்சில் தூரம், செங்குத்து அச்சில் வேகம் வைத்து வரைந்தால் இரண்டு கோடுகள் வரும். நேர்ச்சாலையில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு போகும், ஒரே எஞ்சின்தானே. திருப்பம் நெருங்கும்போது கோடு சடாரென்று விழும், யாருடைய கோடு முதலில் விழுகிறதோ அவர் முன்கூட்டியே பிரேக் பிடித்தார். கீழே போய்த் திரும்பும் இடம் திருப்பத்தின் குறைந்தபட்ச வேகம். பிறகு மேலே ஏறும். புதுப் பையன்களிடம் அடிக்கடி பார்க்கக்கூடிய ஒரு வடிவம் உண்டு: பிரேக்கைச் சீனியரைவிடத் தாமதமாகப் பிடித்திருப்பான், அந்த இடத்தில் அவன் கோடு உயரமாக நிற்கும், பார்க்கிறவனுக்கு ஆகா என்றிருக்கும். ஆனால் அடியில் போய்ப் பார்த்தால் குறைந்தபட்ச வேகம் சீனியரைவிடக் கீழே இறங்கியிருக்கும், ஏறும்போது கோடு தாமதமாக ஏறும். நுழையும்போது சம்பாதித்ததை வெளியே வரும்போது இரண்டு மடங்காகக் கொடுத்துவிட்டான் என்று அர்த்தம். அந்த இழப்பு அடுத்த நேர்ச்சாலை முழுக்கக் கூடவே வரும். சீனியரின் கோடு பெரும்பாலும் இவ்வளவு நாடகம் இல்லாமல் இருக்கும். கொஞ்சம் முன்னாலேயே பிரேக், த்ராட்டில் சீக்கிரமாக, ஒரே சீராக.

த்ராட்டில் கோட்டையும் கீழே சேர்த்து வரையுங்கள். அது பூஜ்யத்திலிருந்து நூறு வரை ஓடும் சதவீதம். காரை நம்புகிற டிரைவரின் த்ராட்டில் ஒரே ஏற்றமாக மேலே போகும். நம்பாதவரின் கோட்டில் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும், மிதித்தார், பின்பக்கம் அசைந்தது, காலை எடுத்தார், மறுபடி மிதித்தார். ஒரு திருப்பத்தில் அப்படி இருந்தால் தவறு. லேப் முழுக்க வேகத் திருப்பங்களில் அப்படியே இருந்தால் காருக்கும் ஆளுக்கும் ஒத்துவரவில்லை என்று பொருள். அன்டோனெல்லியின் இமோலாவுக்கு முந்தைய லேப்புகளையும் கோடைக்கால லேப்புகளையும் எடுத்து வைத்துக்கொண்டு நீங்களே இந்தப் பள்ளங்களைத் தேடிப் பாருங்கள், நான் சொல்லி நம்புவதைவிட அது நல்லது. மியாமியில் ஸ்பிரின்ட் எனும் குட்டி ரேஸுக்கான குவாலிஃபையிங்கில் அந்தப் பையன் முதலிடம் பிடித்தார், எந்த வகை போல் பொசிஷனாக (முதலிடத் தொடக்கமாக) இருந்தாலும் அதை இவ்வளவு சின்ன வயதில் எடுத்தவர் வேறு யாரும் கிடையாது. அந்த லேப்பை ரஸ்ஸலின் லேப்போடு சேர்த்து வரைந்து பார்ப்பது தனி சந்தோஷம்.

இங்கே சில எச்சரிக்கைகள். கருவியைப் பற்றிய என் குறைகள் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

பிரேக் தரவு வெறும் ஆம், இல்லை மட்டும்தான். எவ்வளவு அழுத்தினார் என்பது கிடைக்காது. பிரேக்கை மெல்ல மெல்ல விட்டுக்கொண்டே திருப்பத்துக்குள் நுழைவது பெரிய டிரைவர்களின் கலை, அந்தக் கலையை இதில் நேரடியாகப் பார்க்க முடியாது, வேகக் கோட்டின் வளைவை வைத்து ஊகிக்கத்தான் முடியும். இது எனக்குப் பெரிய ஏக்கம். ஆனால் இதற்குத் தொகுப்பை எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது, மூலத் தரவே அப்படித்தான் வருகிறது.

அடுத்து, கார் தரவு விநாடிக்கு ஏறத்தாழ நான்கு முறைதான் பதிவாகிறது. மணிக்கு 300 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு விநாடியில் 83 மீட்டர் போய்விடும். அதாவது ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவில் இருபது மீட்டர். நடுவில் இருப்பதெல்லாம் கணக்குப் போட்டு நிரப்பியது. ஆகவே “இவர் அவரைவிட ஐந்து மீட்டர் தாமதமாகப் பிரேக் பிடித்தார்” என்று யாராவது இந்த வரைபடத்தைக் காட்டிச் சொன்னால் நம்பாதீர்கள். ஒரே லேப்பை வைத்து அப்படிப் பேசவே முடியாது. பல ரேஸ்களில் ஒரே மாதிரித் திருப்பத்தில் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வந்தால் அப்போது பேசலாம்.

மூன்றாவது நம் கையில் இருக்கிற தவறு. குவாலிஃபையிங்கின் மூன்று சுற்றில் பையன் முதல் சுற்றிலேயே வெளியேறிவிட்டான், சீனியர் மூன்றாம் சுற்று வரை போனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரின் சிறந்த லேப்பையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் ஒப்பீடு கெட்டுவிடும். நேரம் போகப் போக ரப்பர் படிந்து தடம் வேகமாகிக்கொண்டே இருக்கும், கடைசிச் சுற்றின் லேப் இயல்பாகவே வேகமாக இருக்கும். குவாலிஃபையிங்கை மூன்று சுற்றுகளாகப் பிரிக்கும் வசதி இந்தத் தொகுப்பிலேயே இருக்கிறது, அதைப் பயன்படுத்தி இருவரும் ஓடிய கடைசிப் பொதுச் சுற்றை மட்டும் எடுங்கள். 2025 மெல்போர்னில் அன்டோனெல்லி பதினாறாவதாகக் கிளம்பி மழையில் நான்காவதாக வந்தார், அங்கேயெல்லாம் இந்தக் கவனம் இல்லாவிட்டால் தப்பான எண்தான் கிடைக்கும். சீசன் முழுக்க இடைவெளியைக் கணக்கிடும்போதும் சராசரி எடுக்காதீர்கள், மீடியன் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) எடுங்கள். ஒரு மழை நாள், ஒரு ஸ்பின் வந்தால் சராசரி குலைந்துவிடும், மீடியன் அசையாது.

ரேஸ் வேகத்தை அளப்பது இதைவிடச் சிரமம், ஆனால் அனுபவம் என்பது வெளிப்படும் இடமே அதுதான். ஒவ்வொரு லேப்புக்கும் எந்த டயர், அது எத்தனை லேப் பழையது, எத்தனையாவது ஸ்டின்ட் (ஒரு டயர் மாற்றத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஓடுவது), அந்த நேரத்தில் மஞ்சள் கொடி இருந்ததா, சேஃப்டி கார் இருந்ததா என்று எல்லாவற்றுக்கும் அட்டவணையில் பத்தி (column) உண்டு. நேரக் கணக்கு சரியாகப் பொருந்துகிற லேப் எது என்று காட்டவும் ஒரு பத்தி இருக்கிறது, முதலில் அதை வைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள். பிறகு டயர் வயதைப் படுக்கையிலும் லேப் நேரத்தைச் செங்குத்திலும் போட்டால் யார் டயரைக் காப்பாற்றினார், யார் அவசரப்பட்டுத் தின்றுவிட்டார் என்பது சாய்வில் தெரிந்துவிடும். பியாஸ்ட்ரியின் முதல் சீசனில் எல்லோரும் சொன்ன குறை இந்த டயர் விஷயம்தான், ஒரு லேப் வேகத்தில் நாரிஸுக்குப் பக்கத்தில் இருந்தார், நீண்ட ஸ்டின்டில் பின்தங்கினார்.

இதற்கு நான் சிபாரிசு செய்யும் ரேஸ் 2025 லாஸ் வேகஸ். நமக்கு ஞாயிறு காலை ஒன்பதரைக்கு வந்தது. அன்டோனெல்லி பதினேழாவது இடத்திலிருந்து சாஃப்ட் டயரில் கிளம்பினார், இரண்டாவது லேப்பிலேயே பிட்டுக்குப் போய் ஹார்ட் மாட்டிக்கொண்டு, ஐம்பது லேப் ரேஸை அதே டயரில் முடித்தார். கிளம்பும்போது கார் அசைந்ததற்கு ஐந்து விநாடித் தண்டனை வேறு. பிறகு மெக்லாரன் கார்கள் இரண்டும் தகுதி நீக்கமானதால் அவருக்கு மூன்றாம் இடம், ரஸ்ஸலுக்கு இரண்டாம் இடம். அந்த ஒற்றை ஸ்டின்டின் லேப் நேரங்களை வரைந்து பாருங்கள். டயரைப் பார்த்துப் பார்த்து ஓட்டுவது பல வருடம் ஓட்டினால்தான் வரும் என்று எல்லோரும் சொல்வார்கள், பத்தொன்பது வயதுப் பையன் அதைச் செய்து காட்டியிருக்கிறான்.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது, பலர் விழுகிற பொறி. கருவியில் எரிபொருள் அளவு கிடையாது. 2025 வரை ரேஸ் தொடக்கத்தில் 110 கிலோ வரை எரிபொருள் இருந்தது உண்டு, ஓட ஓட எடை குறையும், பத்து கிலோவுக்கு லேப்புக்கு 0.3 விநாடி அளவில் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. டயர் தேய்ந்து நேரம் கூட வேண்டிய இடத்தில் எரிபொருள் குறைந்து நேரம் குறைவதால், கோடு தட்டையாகத் தெரியும், “டயர் தேயவே இல்லை” என்று தோன்றும். இருவரும் ஒரே லேப்பில் ஒரே டயரில் இருந்தால் இது இருவருக்கும் சமம், கவலை இல்லை. ஒருவர் பத்தாம் லேப்பிலும் இன்னொருவர் முப்பதாம் லேப்பிலும் டயர் மாற்றியிருந்தால் எரிபொருளைக் கழிக்காமல் ஒப்பிடவே கூடாது. எஞ்சின் எந்த நிலையில் வைக்கப்பட்டது, முன்னால் போகிற கார் கலைத்துவிட்ட காற்றில் மாட்டிக்கொண்டாரா, அணி “மெதுவாகப் போ” என்று சொன்னதா, இதெல்லாமும் தரவில் நேரடியாக வராது. அதற்கு ரேஸைப் பார்த்திருக்க வேண்டும். ரேஸ் பார்க்காமல் வரைபடம் மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

இன்னொன்று, சீனியர் எப்போதும் நல்ல அளவுகோலாக இருப்பார் என்றும் சொல்ல முடியாது. ரெட் புல் அணியில் வெர்ஸ்டாப்பன் என்ற சாம்பியனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்களின் கதி தெரிந்ததே. 2025இல் லியாம் லாசனுக்கு இரண்டே ரேஸ் கொடுத்து மாற்றினார்கள், அடுத்து வந்த யூகி ட்சுனோடாவாலும் அருகில் போக முடியவில்லை. அந்தக் கார் ஒரே ஒரு மனிதருக்குப் பொருந்துகிற கார். அங்கே வரும் இடைவெளியில் எவ்வளவு திறமை, எவ்வளவு கார் என்று எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது. ஹாஸில் ஆலிவர் பேர்மன், எஸ்டபான் ஓகான் ஜோடியைப் பார்ப்பது இதைவிடப் பயனுள்ளது, முதல் முழு சீசனிலேயே பேர்மன் 41, ஓகான் 38. ஓகான் ரேஸ் ஜெயித்த ஆள், பல அணிகளில் ஓடியவர், அவரோடு இப்படி நின்றால் அந்த எண்ணுக்கு அர்த்தம் இருக்கிறது.

லேப், கார் தரவு 2018 முதல்தான். அதற்கு முந்தைய சீசன்களுக்கு ரேஸ் முடிவுகள் போன்ற அடிப்படைத் தகவல்தான் கிடைக்கும், ரேஸ் முடிவுகள் 1950 வரை பின்னால் போகும். முன்பு எர்காஸ்ட் என்ற சேவையிலிருந்து வந்துகொண்டிருந்தது, அது 2024 முடிவோடு நிறுத்தப்பட்டு இப்போது ஜோல்பிகா அந்த வேலையைச் செய்கிறது. 2007இல் மெக்லாரனில் அறிமுக ஹாமில்டனும் இரண்டு முறை சாம்பியனான அலோன்சோவும் 109க்கு 109 என்று முடித்தார்களே, புதியவனைப் பழையவனோடு ஒப்பிடுவதில் அதைவிடப் பெரிய சீசன் கிடையாது, அதன் டெலிமெட்ரியை (வேகம், த்ராட்டில் போன்ற கார் தரவை) இதில் பார்க்க முடியாது. நம் நரேன் கார்த்திகேயனும் அப்படித்தான். 2005இல் ஜோர்டானில் அவருக்குப் பக்கத்தில் இருந்த டியாகோ மான்டெய்ரோவும் அறிமுக வீரர், ஆகவே உறுதியான அளவுகோலே இல்லாத சீசன் அது. மெல்போர்னில் முதல் குவாலிஃபையிங்கிலேயே பன்னிரண்டாவது இடம் பிடித்தார். அந்தக் காரில் அந்த ஈரத் தடத்தில் அவர் என்ன செய்தார் என்று த்ராட்டில் கோட்டோடு பார்க்கக் கிடைத்தால் நான் வேறு எதையும் கேட்க மாட்டேன்.

பயன்பாட்டில் நம் ஊர்க்காரர்களுக்கு உதவும் ஒரு விஷயம். இறக்கிய தரவைச் சேமித்துவைக்கும் கேஷ் (cache) என்ற வசதியை முதல் வரியிலேயே இயக்கிவிடுங்கள். ஒரு ரேஸின் முழுத் தரவும் கணிசமான அளவு, முதல் முறை இறங்க நேரம் எடுக்கும். ஒரு தடவை சேமித்துவிட்டால் பிறகு நெட் இல்லாமலே கம்ப்யூட்டரில் ஓடும். ஐப்பசி கார்த்திகையில் இங்கே மழை பிடித்தால் கரண்டும் போகும், டவரும் போகும், லேப்டாப்பில் பேட்டரி இருக்கிற வரைக்கும் வேலை நடக்கும். கோலாபில் செய்கிறவர்கள் கேஷ் கோப்புறையைத் தங்கள் கூகுள் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் மறுபடி இறக்க வேண்டியிருக்கும். செஷன் முடிந்து அரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தரவு வந்துவிடும், ஐரோப்பிய ரேஸ் பெரும்பாலும் நமக்கு மாலை ஆறரைக்குத் தொடங்குவதால் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்தால் சரியாக இருக்கும். நேரலையில் பார்த்துக்கொண்டே அலச இது ஏற்றதில்லை. அப்புறம், எப்போதாவது சில செஷன்களில் சில கார்களுக்குத் தரவு விட்டுப்போயிருக்கும், காலியாக வந்தால் நீங்கள் எழுதிய நிரல் தவறு என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், வேறொரு டிரைவரைப் போட்டுப் பாருங்கள்.

கோடு எழுதவே மாட்டேன் என்பவர்களுக்கு வரைபடத்தை நேராகக் காட்டும் இணையதளங்கள் உண்டு. அவை போதும் என்று தோன்றினால் அங்கேயே நிற்கலாம். ஆனால் எந்த லேப்பை எதோடு ஒப்பிடுவது, எதை வடிகட்டுவது என்ற முடிவு அங்கே வேறொருவர் கையில் இருக்கிறது. டீம்மேட் ஒப்பீட்டில் பாதி நியாயம் அந்த முடிவில்தான் இருக்கிறது, அதனால்தான் நான் கஷ்டப்பட்டாவது இதைக் கற்றுக்கொள்ளச் சொல்கிறேன்.

அன்டோனெல்லி விஷயத்தில் என் தீர்ப்பு என்ன என்று கேட்டால், ஒரு லேப் வேகம் அவரிடம் இருக்கிறது, சந்தேகமே இல்லை. பழைய சஸ்பென்ஷன் திரும்பி வந்த பிறகு நடந்ததைப் பாருங்கள்: மெக்சிகோ, பிரேசில், கத்தார் மூன்றிலும் ரஸ்ஸலுக்கு முன்னால் முடித்தார், பிரேசிலில் இரண்டாவது இடம். ரஸ்ஸல் அதே கட்டத்தில் சிங்கப்பூரை ஜெயித்தார், அங்கே பையன் ஐந்தாவது. ஆக, சீனியர் இன்னும் சீனியர்தான். பையனிடம் குறைவது கார் கெட்டுப்போன வாரத்தில் எட்டாவதாகவோ ஏழாவதாகவோ முடித்து வீட்டுக்குப் போகிற பொறுமை. அது கற்றுக்கொள்ளக்கூடிய விஷயம். வேகத்தைக் கற்றுக்கொடுக்க முடியாது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் 2019 வில்லியம்ஸ் ஜோடியிலிருந்து ஆரம்பியுங்கள். கார் இருப்பதிலேயே மெதுவான கார் என்பதால் அணித் தந்திரம், முன்னணிச் சண்டை எதுவும் குறுக்கே வராது, இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் சுத்தமாகத் தெரியும். பெரும்பாலும் இருவரும் குவாலிஃபையிங்கின் முதல் சுற்றோடு வெளியேறியவர்கள், ஆகவே சுற்றுகளைப் பிரிக்கும் தலைவலியும் குறைவு. ஒரு குவாலிஃபையிங்கை மட்டும் இறக்கி, ரஸ்ஸல், குபிட்சா இருவரின் வேகக் கோட்டையும் வரையுங்கள். அது கைக்கு வந்தபின் 2019 நாரிஸ், சைன்ஸ். அதன்பிறகு 2025 மெர்சிடிஸ். தடங்கல் வந்தால் கேளுங்கள், ஆலையில் குறுவை வரத்து முடிகிற வரைக்கும் பகலில் பதில் சொல்ல முடியாது, ராத்திரி பார்த்துச் சொல்கிறேன்.